கை ஊன்றாமல் எழுந்திருக்க முடிகிறதா?

ஓய்வு பெற்ற ஆளைப் பார்த்ததும் ஊரில் எல்லோர் வாயிலும் வருவது "இனிமே என்ன சார், நல்லா ரெஸ்ட் எடுங்க" என்பதுதான். மாலை போடும்போது மேனேஜர் சொல்வார், வீட்டுக்கு வந்தால் சம்பந்தி சொல்வார், தெருமுனையில் இஸ்திரி போடுகிறவர்கூடச் சொல்வார். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அறுபதைத் தாண்டிய ஒருவரைச் சீக்கிரமாகக் கிழவராக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. சர்க்கரை, பிரஷர், கொழுப்பு பற்றியெல்லாம் கல்யாண வீட்டுப் பந்தியில்கூடப் பேசுகிறோம். நாற்காலி செய்கிற கெடுதலைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை.

நான் டாக்டர் இல்லை. மதுரையில் ஒரு வங்கியில் முப்பது சொச்ச வருஷம், பெரும்பாலும் கேஷ் கவுண்டரில், உட்கார்ந்தே சம்பளம் வாங்கிய ஆள். அதனால் உட்காருவதைப் பற்றிப் பேச ஓரளவு தகுதி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரிட்டையர் ஆன பிறகு நேரம் இருந்தது, வாசிக்கிற பழக்கம் இருந்தது, சுற்றிலும் வயசானவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் யார் தெம்பாக இருக்கிறார், யார் படுத்துவிட்டார் என்று பார்த்துக்கொண்டே வந்ததில் ஒரு விஷயம் மனதில் பதிந்துபோனது. முதுமை முதலில் வருவது முகத்திலும் முடியிலும் இல்லை, தொடையில்.

என் அத்தை உசிலம்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் இருந்தார். எழுபது வயசு வரைக்கும் அவர் உடற்பயிற்சி என்ற சொல்லைக் கேட்டிருப்பாரா என்பதே சந்தேகம். ஆனால் காலையில் முற்றம் பெருக்குவார், கோலம் போட உட்கார்ந்து எழுவார், குத்தவைத்துப் பாத்திரம் விளக்குவார், அரிவாள்மனை முன்னால் ஒரு காலை மடக்கி ஒரு காலை நீட்டி உட்கார்ந்து காய் நறுக்குவார், நடுவில் அடுப்பில் ஏதாவது தீயும் வாசனை வந்தால் கையை எங்கேயும் ஊன்றாமல் விருட்டென்று எழுந்து போவார். ஒரு நாளைக்கு எத்தனை தடவை தரையில் உட்கார்ந்து எழுந்தார் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது ஜிம்மில் பையன்கள் காசு கொடுத்துச் செய்கிற உட்கார்ந்து எழும் வேலையை அவர் கீரைக்கட்டும் கையுமாகச் செய்துகொண்டிருந்தார், அவ்வளவுதான்.

மாமா போன பிறகு மகன் சென்னைக்குக் கூட்டிப்போனான். தங்கமான பிள்ளை, மருமகளும் அப்படித்தான். கட்டில், சோபா, சாப்பாட்டு மேஜை, மேல்நாட்டுக் கழிப்பறை, வேலைக்கு ஆள், எல்லாம் இருந்தது. "அத்தே, நீங்க உக்காருங்க, நான் பாத்துக்கிறேன்" என்று மருமகள் ஒரு நாளைக்குப் பல தடவை சொல்வாள். ஒன்றிரண்டு வருஷம் கழித்து நான் போனபோது அத்தை சோபாவில் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முதலில் சோபாவின் விளிம்புக்கு நகர்ந்தார், இரண்டு கையையும் தொடையில் வைத்து முன்னால் சாய்ந்தார், வரவில்லை, இன்னொரு தடவை ஆடிப் பார்த்தார், அதுவும் வரவில்லை. அப்புறம் சிரித்துக்கொண்டே, "ஒரு கை குடுய்யா" என்றார். வீட்டில் எல்லோரும் "முட்டி போச்சு" என்றார்கள். முட்டியும் கொஞ்சம் தேய்ந்துதான் இருந்தது. ஆனால் போனது முக்கியமாக முட்டிக்கு மேலே இருக்கிற சதை. புடவைக்கு வெளியே தெரிந்த கெண்டைக்கால் குச்சியாக இருந்தது.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? ஒருத்தரையும் சொல்ல முடியாது, அதுதான் இதில் உள்ள கஷ்டம். கெட்ட பிள்ளைகளாக இருந்திருந்தால் அத்தை இன்னும் பாத்திரம் விளக்கிக்கொண்டு கல்லுமாதிரி இருந்திருப்பாரோ என்று ஒரு குறும்பான யோசனைகூட வந்தது.

தசை விஷயம் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டியது. முப்பது வயசுக்கு மேல் உடம்பில் தசை மெதுவாகக் கரைய ஆரம்பிக்கிறது, பத்து வருஷத்துக்கு 3 முதல் 8 சதவீதம் என்று கணக்குச் சொல்கிறார்கள், அறுபதுக்கு மேல் வேகம் கூடும். எடை மாறாமலே இருக்கலாம், ஏனென்றால் தசை போன இடத்தில் கொழுப்பு வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் "நான் இருபது வருஷமா அதே 62 கிலோ" என்று பெருமைப்படுவதில் ஒன்றுமில்லை. படுத்துவிட்டால் கதை இன்னும் மோசம். 2007-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. நோய்நொடி இல்லாத வயசானவர்கள் சிலரை 10 நாள் படுக்கையிலேயே இருக்கச் சொன்னார்கள். 10 நாளில் கால்களில் இருந்து மட்டும் கிட்டத்தட்ட ஒரு கிலோ சதை போய்விட்டது. நோயே இல்லாதவர்களுக்கு இப்படி என்றால், டைஃபாய்டோ டெங்குவோ வந்து இரண்டு வாரம் படுத்த எண்பது வயசுக்காரர் ஏன் பிறகு எழுந்து நடக்கவே இல்லை என்பது புரியும். ஜுரம் விட்டுவிடும், கால் திரும்பி வந்திருக்காது.

நல்ல செய்தியும் உண்டு, அதை நம்புவதற்குத்தான் ஆட்களுக்குக் கஷ்டமாக இருக்கிறது. 1990-இல் பாஸ்டனில் மரியா ஃபியட்டரோனே என்ற மருத்துவர் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்தார். வயசு 86 முதல் 96 வரை. அவர்களுக்குக் கால் தசைக்கு எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார், சும்மா ஒப்புக்கு இல்லை, நிஜமாகவே கனமான எடை. 8 வாரத்தில், பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியிருந்தது. தொண்ணூறு வயசில் தசை வளராது என்று அதுவரை பலரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். வளர்கிறது. கேட்டால் கொடுக்கிறது, கேட்காமல் விட்டால் போய்விடுகிறது.

சரி, அதற்கு ஜிம்முக்குப் போக வேண்டுமா? போக முடிந்தால் போகலாம், தப்பில்லை. ஆனால் வீட்டில் இருக்கிற மர நாற்காலியே போதும். கைப்பிடி இல்லாத, ஆடாத நாற்காலி. சுவரை ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள், பின்னால் நகரக் கூடாது. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டவே வேண்டாம், வழவழத் தரையில் அது எந்தப் பக்கம் போகும் என்று சொல்ல முடியாது. முன்பாதியில் உட்கார்ந்து, பாதத்தைத் தரையில் நன்றாகப் பதித்து, இரண்டு கையையும் மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு எழுந்திருங்கள். முழுசாக நிமிர வேண்டும். அப்புறம் உட்காருங்கள், ஆனால் பொத்தென்று விழாமல், மனதுக்குள் ஒன்று இரண்டு மூன்று எண்ணிக்கொண்டு இறங்க வேண்டும். இறங்கும்போதும் தொடைக்கு நல்ல வேலை உண்டு. முப்பது நொடியில் எத்தனை தடவை என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். அமெரிக்காவில் முதியவர்கள் விழுவதைத் தடுக்க வைத்திருக்கும் அளவுகோலின்படி, 70 முதல் 74 வயசு வரை உள்ள ஆண் 12 தடவைக்குக் குறைவாகவும், பெண் 10 தடவைக்குக் குறைவாகவும் எழுந்தால், கால் பலம் பத்தவில்லை, விழுகிற ஆபத்து இருக்கிறது என்று பொருள். 80 முதல் 84 வயசு வரை ஆணுக்கு 10, பெண்ணுக்கு 9. என் நண்பர்கள் வட்டத்தில் இதைச் செய்துபார்த்தபோது தினமும் காலையில் நாலு கிலோமீட்டர் நடக்கிற ஒருவர் எட்டில் நின்றுவிட்டார். அவருக்கு என்மேல் இன்னும் கோபம்.

அத்தைக்கு வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் பெண் இதைத்தான் சொல்லிக்கொடுத்தாள். முதலில் நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி, அதிலிருந்து எழச் சொன்னாள். அது வந்ததும் ஒரு தலையணையை எடுத்தாள். அத்தை அவளை வாய்க்கு வந்தபடி திட்டுவார். அவள் கண்டுகொள்ளவே மாட்டாள், "இன்னும் மூணு, பாட்டி" என்பாள். சில மாதத்தில் அத்தை யார் கையும் பிடிக்காமல் பாத்ரூம் போய்வர ஆரம்பித்தார். தரையில் உட்காருவது மட்டும் திரும்பி வரவில்லை.

நடைக்கு வருகிறேன். மதுரை ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் விடியற்காலையில் நின்று பார்த்தால் ரிட்டையர் ஆனவர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள், போவார்கள். பாதிப் பேர் காலைவிட வாயை அதிகம் ஆட்டுவார்கள், முடித்துவிட்டு நேராக டீக்கடைக்குப் போய் இரண்டு வடையைப் பிய்த்துப் போடுவார்கள். கிண்டலுக்குச் சொல்கிறேனே தவிர, வீட்டில் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல். நடை இதயத்துக்கு நல்லது என்பது லண்டன் பேருந்துகளில் கண்டுபிடித்த விஷயம் தெரியுமோ? ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் அந்த ஊர் மாடி பஸ்களின் ஓட்டுநர்களையும் நடத்துனர்களையும் ஒப்பிட்டுப் பார்த்து 1953-இல் எழுதினார். ஒரே கம்பெனி, ஒரே பஸ், ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களுக்கு மாரடைப்பு அதிகம், மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துனர்களுக்குக் குறைவு. அந்த மோரிஸ் 99 வயசு வரை இருந்தார். நம் ஊர் டவுன் பஸ்ஸில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னும் பின்னும் போய்வருகிற கண்டக்டரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும். இப்போது பலர் ஒரே இடத்தில் உட்கார்ந்துகொண்டு டிக்கெட்டைக் கைமாற்றி அனுப்புகிறார்கள், அது வேறு விஷயம்.

ஒரு நாளைக்கு 10,000 அடி நடந்தே ஆக வேண்டும் என்று போனைப் பார்த்துப் பார்த்துக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த எண் மருத்துவர்கள் வைத்தது இல்லை. 1965 வாக்கில் ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவியை விற்க ஆரம்பித்தபோது அதற்கு வைத்த பெயரிலேயே பத்தாயிரம் இருந்தது, அங்கிருந்து பரவியது. 2019-இல் சராசரி வயசு 72 உள்ள பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று, நாளைக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் மரண விகிதம் நன்றாகக் குறைந்திருந்தது என்றும், 7,500-க்கு மேல் பெரிதாக வித்தியாசம் இல்லை என்றும் சொன்னது. ஆகவே பேரன் கொடுத்த கைக்கடிகாரம் திட்டினால் பொருட்படுத்தாதீர்கள்.

ஆனால் நடையோடு நின்றுவிடக் கூடாது. எட்டில் நின்றுபோன நண்பர் விஷயத்தில் அதுதான் நடந்தது. சமதரையில் மெதுவாக நடப்பது தொடைக்குப் பெரிய வேலை இல்லை. உலக சுகாதார நிறுவனமே 2020-இல் வெளியிட்ட வழிகாட்டியில் 65 வயசுக்கு மேல் உள்ளவர்களுக்கு வாரம் 150 நிமிஷ நடை மாதிரி ஏதாவது ஒன்றைச் சொல்லிவிட்டு, அதற்கு மேல் வாரத்தில் இரண்டு நாளாவது தசைப் பயிற்சி, மூன்று நாளாவது தடுமாறாமல் நிற்கப் பழகுவது என்று தனியாகச் சொல்லியிருக்கிறது. நிற்பதற்கு என்ன பயிற்சி என்று கேட்டால், பல் தேய்க்கும்போது வாஷ்பேசினை ஒரு விரலால் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நில்லுங்கள். அப்புறம் கால் மாற்றுங்கள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், குக்கர் மூன்று விசில் வரும் வரைக்கும். பத்து நொடி ஒற்றைக் காலில் நிற்க முடியாத நடுவயசுக்காரர்கள், முதியவர்கள் பலர் அடுத்த சில வருஷங்களில் மற்றவர்களைவிட அதிகமாக இறந்துபோனார்கள் என்று பிரேசிலில் இருந்து வந்த 2022 ஆய்வு ஒன்று உண்டு. பயமுறுத்தச் சொல்லவில்லை. அவர்களில் பலருக்கு ஏற்கெனவே வேறு நோய்கள் இருந்திருக்கும், அதைக் கால் முன்கூட்டியே காட்டிக்கொடுத்தது என்றும் வைத்துக்கொள்ளலாம். இருந்தாலும் இலவசமாகக் கிடைக்கிற பரிசோதனை, செய்து பார்க்க என்ன?

முட்டி வலிக்கிறதே, எப்படிச் செய்வது என்பது அடுத்த கேள்வி. தேய்மானத்தால் வருகிற வலிக்கு முட்டியை ஆட்டாமல் வைத்திருப்பது நல்லது என்று நம்மில் ரொம்பப் பேர் நம்புகிறோம். தொடைத் தசை பலமானால் முட்டிமேல் விழுகிற பாரம் குறைந்து வலியும் குறைகிறது என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. கொஞ்சம் வலியோடு செய்யலாம், வீங்கினாலோ அடுத்த நாள் நடக்க முடியாமல் போனாலோ நிறுத்தி, தெரிந்தவரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

சாப்பாடு. இதில் நம் வீட்டுப் பெரியவர்களின் பிடிவாதம் உலகப் பிரசித்தம். "வயசாச்சு, ராத்திரி ரெண்டு இட்லி போதும்" என்பார்கள். காலையில் நாலு இட்லி, தொட்டுக்கொள்ளச் சட்னி, மத்தியானம் சோறு, குழம்பு, ரசம், கொஞ்சம் தயிர், சாயங்காலம் டீயில் இரண்டு பிஸ்கட் நனைத்து, ராத்திரி அந்த ரெண்டு இட்லி. கணக்குப் போட்டுப் பாருங்கள், மொத்தப் புரதம் 30, 35 கிராமைத் தாண்டுவது கஷ்டம். வயசானவர்களுக்கு உடம்பு எடையில் கிலோவுக்கு ஒரு கிராம், முடிந்தால் 1.2 கிராம் வேண்டும் என்கிறார்கள் வல்லுநர்கள், 60 கிலோ ஆளுக்கு 60-க்குக் குறையாமல். பாதிதான் போகிறது. பாதிச் சம்பளம் கொடுத்தால் தசை எப்படி வேலைக்கு நிற்கும்?

இதற்காக டப்பாவில் வருகிற பவுடரைக் கிலோ கணக்கில் வாங்க வேண்டியதில்லை. பல் இல்லை என்பதுதான் பல வீடுகளில் நிஜமான காரணம், அதனால்தான் சுண்டலும் கறியும் ஒதுங்கி, இட்லியும் ரசம் சாதமும் மட்டும் மிஞ்சுகிறது. முதலில் பல் செட்டைச் சரிபண்ணுங்கள். ஈறு சுருங்கச் சுருங்க, எப்போதோ கட்டிய பல் செட் லூசாகித்தான் போகும், அதை டம்ளரில் போட்டு வைத்துவிட்டுச் சாப்பிடுகிறவர்கள் எத்தனை பேர்! பல் இல்லாவிட்டாலும் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து நெய் விட்டுச் சாப்பிடலாம், பொட்டுக்கடலை மாவை மோரில் கலக்கலாம், முட்டை சாப்பிடுகிறவர்கள் காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று சாப்பிடலாம், ஒரு முட்டைக்கு 6 கிராம். ராத்திரி இட்லியோடு சாம்பாரைக் கெட்டியாக, பருப்போடு ஊற்றிக்கொள்ளுங்கள். மீன் சாப்பிடுகிறவர்களுக்கு நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

இன்னொன்று, பல வருஷமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு, அதிலும் சைவமாக இருந்தால், பி12 என்ற வைட்டமின் குறைய வாய்ப்பு அதிகம். பாதம் மரத்துப்போவது, நடை தள்ளாடுவது, மறதி, மனச்சோர்வு எல்லாம் அதில் வரலாம். "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துபோகும், மாத்திரையோ ஊசியோ போட்டுச் சரிபண்ணுகிற விஷயம்.

விழுவதைப் பற்றி நிறையவே எழுதலாம், முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஒன்றுக்குப் போக எழுந்த நேரத்தில் நம் தலைமுறையின் இடுப்பு எலும்புகள் பல உடைகின்றன. பிரஷர் மாத்திரை, ப்ராஸ்டேட் மாத்திரை, தூக்க மாத்திரை, இந்த மூன்றும் சேர்ந்த ஆள் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டு ஒரு நிமிஷம் உட்காருங்கள், காலை நாலு தடவை ஆட்டுங்கள், அப்புறம் எழுங்கள். அடுத்த தடவை டாக்டரிடம் போனால் நின்றபடியும் ஒரு தடவை பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள், அவராகப் பார்ப்பார் என்று இருக்க வேண்டாம். வாசல் வரைக்கும் கிரானைட் போட்ட வீட்டில் கழிப்பறைக்கு ஒரு இரும்புக் கைப்பிடி போட மனசு வராது நமக்கு, ஆஸ்பத்திரி மாதிரி இருக்குமாம். இடுப்பு எலும்பு ஆபரேஷன் செலவை விசாரித்துவிட்டு வந்தால் கைப்பிடி அழகாகத் தெரியும்.

காது விஷயத்தில் எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. கண்ணாடி போட யாரும் கூச்சப்படுவதில்லை, கண்புரை ஆபரேஷன் என்றால் ஊரே போகிறது, காதில் மிஷின் வைக்க மட்டும் மாட்டேன் என்கிறார்கள். காது கேட்காதவர் முதலில் பேச்சுக்கு நடுவே சும்மா சிரிக்க ஆரம்பிப்பார், பிறகு கூட்டத்துக்கு வருவதைக் குறைப்பார், அப்புறம் வீட்டிலேயே தனியாகிவிடுவார். மறதி நோய் பற்றி லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024-இல் சொன்ன, நாம் மாற்றிக்கொள்ள முடிந்த 14 காரணங்களில் காது கேளாமையும் ஒன்று, அதுவும் பட்டியலில் பெரிய இடம் பிடித்த ஒன்று. தனிமையும் அதில் இருக்கிறது. உடம்பு அசையாமல் இருப்பதும் இருக்கிறது.

உற்சாகம் என்று வருகிறபோது, எங்கள் ஊர்க்காரர் ஒருவரைச் சொல்லாமல் இருக்க முடியாது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976-இல் அரசு வேலையிலிருந்து 58 வயசில் ஓய்வு பெற்றார். முடக்குவாதத்தால் விரல்கள் எல்லாம் கோணிப்போனவர், அந்த விரலை வைத்துக்கொண்டே கத்தி பிடிக்கப் பழகி லட்சத்துக்கும் மேற்பட்ட கண் ஆபரேஷன்கள் செய்தவர். ஓய்வு பெற்ற அதே வருஷம் மதுரையில் ஒரு வீட்டில் 11 படுக்கையோடு அரவிந்த் கண் மருத்துவமனையை ஆரம்பித்தார். அது என்னவாக வளர்ந்தது என்று மதுரைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2006-இல், 87 வயசில் காலமானார். அவரிடம் யாராவது ரெஸ்ட் எடுக்கச் சொல்லியிருந்தால் என்ன பதில் கிடைத்திருக்கும் என்று நினைத்துப் பார்ப்பேன். கோயம்புத்தூர்ப் பக்கம் இரண்டு பேர். யோகா சொல்லிக்கொடுத்த நானம்மாள் பாட்டிக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தபோது வயசு 98. மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் நூறு வயசைத் தாண்டியும் தோட்ட வேலை பார்த்த பாப்பம்மாளுக்கு 2021-இல் அதே விருது. பாரம்பரியம், மரபணு எல்லாம் இருக்கத்தான் செய்யும், எல்லோரும் நூறைத் தொட முடியாது. ஆனால் மூன்று பேருக்கும் பொதுவாக ஒன்று இருக்கிறது, விடிந்ததும் அவர்களுக்காக ஒரு வேலை காத்திருந்தது.

இதை எழுதும்போது ஒரு நெருடல் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். பென்ஷன் வாங்குகிற என்னைப் போன்ற ஆளுக்குத்தான் நடை ஒரு பொழுதுபோக்கு. எங்கள் தெருவுக்குக் காலையில் கீரைக்கூடையோடு வருகிற அம்மாவுக்கு எழுபதுக்கு மேல் இருக்கும், அவருக்குத் தொடைப் பயிற்சி பற்றி நான் சொன்னால் கூடையாலேயே அடிப்பார், அதில் நியாயமும் இருக்கும். அவருக்கு வேண்டியது நிஜமாகவே ஓய்வு. முதியோர் உதவித்தொகையை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள், அதை வைத்துக்கொண்டு மாசத்தை ஓட்டச் சொல்லி யாரையும் உற்சாகமாக இருங்கள் என்று உபதேசம் செய்ய முடியாது. கையில் சொந்தக் காசு இருப்பது எந்த மாத்திரையையும்விட முதுமைக்கு நல்ல மருந்து. அதனால்தான் வீட்டைப் பிள்ளைகள் பேருக்கு எழுதிக்கொடுக்க அவசரப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். அப்படியே எழுதினாலும், கடைசி வரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்தில் போட்டு எழுதுங்கள். பார்த்துக்கொள்ளாவிட்டால் அதை ரத்து செய்யக் கேட்க 2007-ஆம் வருஷத்துப் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தில் 23-ஆம் பிரிவு இருக்கிறது.

மனசு தளர்வதற்குக் காசு மட்டும் காரணம் இல்லை என்பதும் தெரிந்ததுதான். எங்கள் கேரம் செட்டில் ஒருவர், மனைவி இறந்த பிறகு வருவதை நிறுத்திவிட்டார். போன் பண்ணினால் "தூங்கப் போறேன் சார்" என்பார், காலை பத்து மணிக்கு. காலையில் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூவும் குட்மார்னிங்கும் மட்டும் தவறாமல் வரும், அதை நம்பி எல்லோரும் நன்றாக இருக்கிறார் என்று இருந்துவிட்டோம். பூ அனுப்புகிறவர் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம் இல்லை. பசி போய்விட்டது, எடை இறங்கிவிட்டது, சட்டை தொளதொளவென்று தொங்கியது. வயசானவர்களின் மனச்சோர்வு பல சமயம் அழுகையாக வருவதில்லை, பசியின்மையாக, தூக்கமாக, "எங்கேயோ வலிக்குது" என்பதாக வருகிறது. மகள் வந்து டாக்டரிடம் கூட்டிப்போனாள், மாத்திரை கொடுத்தார்கள், அது நிஜமாகவே உதவியது. சும்மா தைரியம் சொல்லி விட்டிருந்தால் வந்திருக்க மாட்டார்.

மாத்திரை பாதி, மீதிப் பாதிக்கு நாங்கள் பொறுப்பு எடுத்துக்கொண்டோம். அவரிடம் "வாங்க" என்று சொல்வதை நிறுத்திவிட்டு, போர்டை அவர் வீட்டுத் திண்ணைக்கே தூக்கிக்கொண்டு போனோம். முதல் நாள் வெளியே வராமல் ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஒருவன் போரிக் பவுடரை அள்ளிக் கொட்டியதும் பொறுக்க முடியாமல் வந்து, "இவ்வளவு பவுடர் போட்டா காய் எப்படிய்யா நிக்கும்" என்று சத்தம் போட்டார். அப்புறம் தினமும் உட்கார்ந்தார். நாற்காலி கிடையாது, திண்ணையில் சம்மணம் போட்டுத்தான் ஆட்டம், ஒவ்வொரு போர்டு முடிந்ததும் எழுந்து இடம் மாற வேண்டும் என்பது நான் கொண்டுவந்த சட்டம், காரணம் அவர்களுக்குத் தெரியாது. போன வாரம் எனக்கும் அவருக்கும் பெரிய சண்டை, தெருவில் போகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு. சிவப்புக் காயைப் போட்டுவிட்டு, அதையடுத்துத் தன் காய் ஒன்றையும் போடாமலே (ஃபாலோ என்போம்) பாயிண்ட் கேட்கிறார். கேட்டால் அவர்கள் காலேஜில் அப்படித்தான் விளையாடுவார்களாம். எந்தக் காலேஜிலும் அப்படி ஒரு சட்டம் கிடையாது, அவர் இதையும் படிப்பார் என்பதால் எழுதி வைக்கிறேன்.